ஏலத்தில் எடுத்த குடோனில் ஒரு குடும்பத்தின் டிரங்குப்பெட்டி

வணக்கமுங்க. திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் வாடகை பாக்கியோடு விட்டுப்போன பனியன் கம்பெனி குடோன் ஒன்றின் சரக்கை, இட உரிமையாளர் போட்ட ஏலத்தில் போன வாரம் எடுத்தேன். இரண்டு ஓவர்லாக் மிஷின், ஒரு பவர்டேபிள், கட்பீஸ் மூட்டைகள்.

மூட்டைகளுக்கு அடியில் ஒரு டிரங்குப்பெட்டி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்யாண ஆல்பம், கிரயப் பத்திரம், ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு. பார்த்ததிலிருந்து மிஷினை விற்கவும் கை வரவில்லை. பெட்டியை அந்தக் குடும்பத்திடமே சேர்த்துவிட வேண்டும். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை; பத்திரத்திலுள்ள முகவரிக்குப் பதிவுத் தபால் போட்டிருக்கிறேன். பெயர் விவரத்தை இங்கே போட மாட்டேன், கேட்காதீங்க.

அப்புறம், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, அடகு பிடித்தவர் நியாயமான முன்னறிவிப்பு கொடுத்து விற்கலாம் என்கிறது. இங்கே அடகே இல்லையே? வாடகை பாக்கிக்காக உரிமையாளர் தானாக ஏலம் விட முடியுமா? நோட்டீஸ் நகலைக் கேட்காமலே பணம் கட்டியது என் தப்பு.

பெட்டியைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குவதா, பத்திரத்திலுள்ள ஊரின் வி.ஏ.ஓ. மூலம் தேடுவதா? இப்படிச் சரக்கு எடுத்த அனுபவமுள்ளவர்களும் வக்கீல்களும் சொல்லுங்க. அதுவரை எதையும் விற்காமல் பூட்டி வைத்திருக்கிறேன்.