அரையாண்டு லீவில் தொடக்கப்பள்ளி நூலகத்தைத் திறந்து வைத்தால் என்னென்ன செய்யலாம்?

வடசென்னை டீச்சர்:
வணக்கம். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளி. நூலக அறை 12 அடிக்கு 15 அடி, ஒரு இரும்பு பீரோ, சுமார் 400 புத்தகம். பாதி வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் (அரசுப் பள்ளிகளுக்குக் கல்வித்துறை தந்த மெல்லிய கதைப் புத்தகங்கள்), மீதி யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழையவை. அரையாண்டு லீவில் 6 நாள், காலை 10 முதல் 11.45 வரை திறக்கத் தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார். 30 பிள்ளைகள் வரலாம். இரண்டாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஐந்தாம் வகுப்பில் சரளமாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களை ஒரே அறையில் வைத்து எப்படி ஓட்டுவது? மழையில் பீரோவில் ஈரவாடை வேறு. பொங்கல் லீவுக்குப் புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கலாமா?

அலமாரி:
முதலில் ஒன்று. லீவில் சிறப்பு வகுப்பு நடத்தக்கூடாது என்று துறை சொல்வது வழக்கம். அதனால் வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், பாடப்புத்தகம் எதுவும் வேண்டாம். விருப்பம் உள்ளவர் வரலாம் என்று எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யார் கூட்டிக்கொண்டு போக வருவார்கள் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 20 நிமிடம் சும்மா புரட்டட்டும், பிறகு 15 நிமிடம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள். அடுத்த 30 நிமிடம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து படிக்கட்டும். 25 நிமிடம் ஏதாவது கைவேலை, கடைசி 15 நிமிடம் அடுக்கிவைத்து இரவல் எழுதுவது. கைவேலைதான் எப்போதும் நேரத்தைத் தின்னும். வண்ணம் அடிக்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் போவது தெரியாது, புத்தகம் மூடியே கிடக்கும். 25 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

பீரோவில் முதுகு தெரிய அடுக்கிய மெல்லிய புத்தகத்தைச் சின்னப் பிள்ளை எடுக்காது, அட்டைப்படம் தெரிந்தால்தான் எடுக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நைலான் கயிறு கட்டி, நடுப்பக்கத்தை விரித்துத் தொங்கவிடுங்கள். ஒரு நாளைக்கு 60 புத்தகம் போதும், தினமும் பாதியை மாற்றுங்கள். மொத்தத்தையும் முதல் நாளே காட்டினால் மூன்றாம் நாள் "எல்லாம் பார்த்தாச்சு" என்பார்கள்.

மூணாங்கிளாஸ் சார்:
வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை போட்டிருக்கும். வகுப்பை வைத்துப் பிரிக்காமல் அந்த நிலையை வைத்துப் பிரியுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு 'நுழை'தான் சரி என்றால் அதையே கொடுங்கள். ஆனால் "இதை ஒண்ணாங்கிளாஸ் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டணும், பழகிக்கோ" என்று சொல்லிக் கொடுங்கள். கூச்சம் போய்விடும், ஜோடி வாசிப்புக்கும் ஆள் கிடைக்கும்.

எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கும்போது வரியை எண்ணாதீர்கள், சொல்லின் நீளத்தைப் பாருங்கள். 'நாய் வந்தது. பூனை ஓடியது.' என்று நாலு வரி இருந்தாலும் படித்துவிடும். 'மரத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தது' என்று ஒரே வரி இருந்தால் அங்கேயே நின்றுவிடும், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடுகிறது. இதற்கு 2 செ.மீ. அகலத்தில் ஒரு அட்டைத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சொல்லை மூடி, 'மரத்தி', 'லிருந்து' என்று துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள். துண்டுகளைச் சொன்னதும் முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனால் பலன் இல்லை.

இன்னொரு இடம் கொம்பும் காலும். 'கொக்கு' என்பதை 'கெ' என்று தொடங்கி, அப்புறம் வரும் காலைப் பார்த்து முழிக்கும். கண் இடமிருந்து வலம் போகிறது, ஓசையோ இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகுதான் தெரியும். பலகையில் எழுதும்போது கொம்பையும் காலையும் ஒரே நிறச் சாக்பீஸில் போடுங்கள், நடு எழுத்து வேறு நிறம்.

நன்கொடைப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சானவற்றில் லை, னை, ணா, றா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகூட அங்கே தடுக்கி, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அவற்றை நீங்கள் வாசித்துக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து விரல் சோதனை என்று சொல்வார்களே, ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கி, ஐந்தும் மடங்கினால் கடினம் என்று. பக்கத்துக்குப் பத்துச் சொல் மட்டும் உள்ள புத்தகத்தில் அது சரிவராது. இரண்டு விரல் மடங்கினாலே அடுத்ததைக் கொடுங்கள்.

காகிதக் கத்திரி:
கைவேலைக்கு 8 பக்கக் குட்டிப் புத்தகம் நல்லது. போகி வருகிறதே, பழைய நோட்டுகளை எரிக்காமல் எழுதாத தாளைக் கிழித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நடுத்தாள் இரட்டையாக வந்தால் இன்னும் வசதி.

தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் 8 கட்டம். குறுகிய விளிம்போடு குறுகிய விளிம்பு சேர ஒரு மடிப்பு. மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்புக்கோடு வரைக்கும் மட்டும் கத்திரி. விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் கூட்டல்குறி மாதிரி நிற்கும். சுற்றி மடித்தால் புத்தகம். வெட்டு விழுவது நடு இரண்டு கட்டங்களுக்குள்தான். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் புத்தகம் பிரிந்து போகும், பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் அப்படித்தான் வெட்டுவார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். படம் வரைவது மடித்த பிறகுதான். முன்னாடியே வரைந்தால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும்.

உள்ளே என்ன எழுதுவது? சர்க்கரைப் பொங்கல் செய்முறை. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை: அரிசி பருப்பைக் கழுவு, குழைய வேகவை, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டு, சேர்த்துக் கிளறு, நெய்யில் முந்திரி வறுத்துப் போடு. முதலில் இதைச் சீட்டுகளாக எழுதிக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வெல்லத்தை ஏன் அரிசி வெந்த பிறகு சேர்க்கிறோம் என்று கேட்டால் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருவார்கள் (சேர்த்துவிட்டால் அப்புறம் அரிசி வேகாது). வரிசை பிசகினால் ஏன் தப்பு என்று வாதாடும்போது ஒவ்வொரு வரியையும் நாலு தடவை படித்துவிடுவார்கள்.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, படித்த புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தால் வேகம் கூடும்.

அலமாரி:
நட்சத்திரச் சார்ட் மட்டும் வேண்டாம் சார். இரண்டாம் நாளே எல்லாரும் மெல்லிய புத்தகமாகத் தேடி எடுப்பார்கள், எழுத்துக் கூட்டுகிற பிள்ளையின் வரிசை காலியாகச் சுவரில் தொங்கும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் அறைக்கே ஒரு எண்ணிக்கை வையுங்கள். புள்ளிக்கோலம் ஒன்றைப் பெரிய சார்ட்டில் புள்ளி மட்டும் வைத்து, ஜோடியாக ஒரு புத்தகம் முடித்தால் ஒரு கோடு இழுக்கட்டும். 7 புள்ளி 4 வரை இடுக்குப்புள்ளி 6 நாளுக்குச் சரியாக இருக்கும்.

பசை டப்பா:
ஈரவாடைக்கு வருகிறேன். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நாலு விரற்கடை முன்னால் இழுங்கள். கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். பூஞ்சை பிடித்த புத்தகத்தை அறைக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். நேர்வெயிலில் போட்டால் அட்டை சுருண்டு நிறம் வெளுக்கும், நிழலில் காற்றோட்டமாக விசிறி மாதிரி விரித்து நிற்கவைத்தால் போதும். அந்துருண்டை பிள்ளைகள் புழங்கும் பீரோவில் வேண்டாம், மிட்டாய் என்று வாயில் போட வாய்ப்பு உண்டு. வேப்பிலை வைப்பதென்றால் மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும், பச்சையாக வைத்தால் அதுவே ஈரம்.

கயிற்றில் தொங்கவிடுவதற்கு முன் புத்தகத்தின் ஸ்டேபிள் பின்னைப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, நடுத்தாள் அந்த இடத்தில் கிழிந்து கழன்றுவிடும். துருப்பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைக்கலாம். நடுமடிப்பில் ஊசியால் மூன்று துளை. புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு பருத்தி நூல், இரண்டு இழை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை வருமாறு வைத்து முடிச்சு. பழகினால் புத்தகத்துக்கு 5 நிமிடம்கூட ஆகாது. செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், பசை பழுத்துப் பக்கத்தையே கறையாக்கும்.

இரவல் தாராளமாகக் கொடுங்கள். மஞ்சப்பையில் ஒரு புத்தகம், பையின் மேல் எண். நோட்டில் தேதி, புத்தக எண், பெயர், வகுப்பு, திரும்பிய தேதி, அவ்வளவுதான். ஒரே பிரதியாக இருப்பதைக் கொடுக்காமல், இரண்டு மூன்று பிரதி உள்ளதைக் கொடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பேருந்தில் விட்டுவிட்டு வருவது நடக்கும். அபராதம் என்று சொன்னால் தொலைத்த பிள்ளை நூலகப் பக்கமே வராது.

வடசென்னை டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 30 பேருக்கும் ஒரே நேரத்தில் சத்தமாக வாசித்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாதே? ஒரே வீட்டு அண்ணன் தங்கைக்கு எந்தப் புத்தகம் கொடுப்பது?

மூணாங்கிளாஸ் சார்:
வாசிப்பு இயக்கப் புத்தகத்தின் அளவுக்கு 12 பேர்தான் கணக்கு, அரைவட்டமாக இரண்டு வரிசை. 30 பேர் என்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பள்ளியில் ஸ்மார்ட் வகுப்புத் திரை இருந்தால் பெரிதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற இருவருக்கு முந்தின நாளே புத்தகத்தைக் கொடுத்துப் பழகச் சொல்லி, மூன்று வட்டமாகப் பிரித்துவிடுங்கள். பழகாமல் விட்டால் திக்குவார்கள், கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். அதே கதையை மூன்றாம் நாள் மறுபடி வாசியுங்கள், திரும்பத் திரும்ப வருகிற வரியை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

அண்ணன் தங்கைக்கு வேறு வேறு புத்தகம், இரண்டும் தங்கையின் நிலையில். அண்ணன் தன்னுடையதை அவளுக்கு வாசித்துக் காட்டலாம், அவளுடையதை அவளே படிக்கலாம்.