மறுமொழி: ‘டீஹேஸ்’ – புகார் நீக்கமா, மூட்டமா?

> ‘புகார் நீக்கம்’ என்றால் எங்கள் ஊரில் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுவது. படம் திருத்துகிறவருக்கு இது எப்படிப் புரியும்?

படம் திருத்துகிற மென்பொருளில் மங்கலைக் கூட்டிக் குறைக்கிற ‘டீஹேஸ்’ (Dehaze) கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்; ‘புகார் நீக்கம்’ அதில் ஒரு முன்மொழிவு. மேலே சென்னை அண்ணை கேட்டது நியாயம். நாங்கள் பொலிசில் குடுக்கிறது முறைப்பாடு. புகார் என்றால் எங்களுக்குப் பனிப்புகார்தான். சொல்லை முன்வைத்தவன் நான், இன்றைக்கு நானே மீளப் பெறுகிறேன். ஆனால் இந்தப் பகிடிக்காக இல்லை. புகார் இருக்கட்டும், பின்னால் நிற்கிற ‘நீக்கம்’தான் பிழை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் கரையேறியது. அடுத்த நாள் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் எடுத்த படமொன்றை நேற்றுத் திரும்பத் திறந்தேன். கமெராவைச் சொப்பிங் பையால் சுற்றிக் கட்டியிருந்தேன். தூவானம் சுழற்றி அடித்தது. இரண்டு படத்துக்கு ஒருக்கா லென்சைத் துடைத்தால், துவாயில் ஊறியிருந்த உப்புத்தான் கண்ணாடியில் பூசுப்பட்டது.

படத்தில் இருக்கிறது மீன் பிடிக்கக் கடலுக்குள் நட்ட களங்கட்டித் தடிகள். கிட்ட நிற்கிறது கரிக்கறுப்பு. நாலைந்து தடி தாண்டினால் சாம்பல். அதற்கும் அங்கால் நிற்கிறவை இருக்கோ இல்லையோ என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கவேணும். எதிரே இருக்கிற வேலணைக் கரை இல்லவே இல்லை.

டீஹேஸ் ஸ்லைடரை +60க்கு இழுத்தேன். தடிகள் எல்லாம் ஒரே கறுப்பு. வானம் ஊமை நீலம், மேகத்துக்குள் மணலை அள்ளி எறிந்தமாதிரிப் புள்ளி, பனைவட்டுகளைச் சுற்றி வெள்ளைக் கோடு. மழை நின்றுவிட்டது! புயலுக்குள் நனைந்து எடுத்த படத்தில் புயலைக் காணேல்லை.

காரணம் இதுதான். மூட்டம் பொருளை மறைக்கிற திரை மட்டுமில்லை. நடுவில் மிதக்கிற துளிகள் வானத்து வெளிச்சத்தைச் சிதறடித்து லென்சுக்குள் அனுப்புகின்றன. தூரம் கூடக்கூடப் பொருளின் ஒளி குறைகிறது, இந்த இடையொளி ஏறுகிறது. ஒற்றைப் படத்திலிருந்தே அதைக் கணிக்க 2009இல் ஆய்வாளர் கைமிங் ஹேயும் இரண்டு சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள்: மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானம் தவிர்ந்த அநேகமாக எந்தச் சிறு துண்டிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது எங்கேயோ பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கும். இறங்காவிட்டால், மிஞ்சி நிற்கிறது இடையொளி. டார்க்டேபிள் என்கிற படந்திருத்தும் மென்பொருளின் கருவி இந்த வழியில் வந்ததுதான். ‘வானம் தவிர்ந்த’ என்கிற இடத்தில்தான் எங்கட வில்லங்கம். மாரிகாலப் படத்தில் முக்கால்வாசி வானம்தானே. மூட்டம் எது, மேகம் எது என்று அதுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சுரண்டுகிறது.

இனிப் பெயர். லைட்ரூம் மென்பொருளில் 2015இல் வந்த டீஹேஸ் ஸ்லைடர் −100இலிருந்து +100 வரை ஓடும். இடப்பக்கம் தள்ளினால் மூட்டம் கூடும். டார்க்டேபிளிலும் எதிர்மறைப் பெறுமானம் உண்டு. ‘நீக்கம் −30’ என்று எழுத யாருக்குக் கை வரும்? ‘தெளிவு’ பக்கத்துக் கருவிக்குப் போய்விட்டது. அதனால் என் முன்மொழிவு வெறும் ‘மூட்டம்’. பனிமூட்டம், புகைமூட்டம், மேகமூட்டம் மூன்றுக்கும் பொது. ஈரமா உலர்வா என்று கேட்காது. இரண்டு கரையிலும் புழங்குகிற சொல்.

—

> என் முன்மொழிவு வெறும் ‘மூட்டம்’

தம்பி, படம் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘மூட்டம் +60’ என்று பார்த்தால் நான் மூட்டம் கூடுகிறது என்றுதான் நினைப்பேன். நீங்கள் ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்திருக்கிறீர்கள். குறியை நாம் மாற்ற முடியாது, மொழிபெயர்க்க மட்டும்தான் முடியும்.

மழை விட்டு மேகம் கலைந்தால் எங்கள் பாட்டி “வானம் வெளிவாங்கிடுச்சு” என்பார். ‘வெளிவாங்கல்’ என்று வைத்துப் பாருங்கள். +60 என்றால் நன்றாக வெளிவாங்கிவிட்டது. −30 என்றால் மூடிக்கொண்டு வருகிறது. யாரும் எதையும் நீக்கவில்லை, வானமே செய்துகொள்கிறது.

—

அண்ணை, இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று எரிச்சலாக இருக்கு. யாழ்ப்பாணத்தில் அப்படியே சொல்லமாட்டம், ஆனால் ஒருதரும் விளக்கம் கேட்கமாட்டினம். நீளம் மட்டும் உதைக்குது; சின்னத் திரையில் பெட்டிக்கு வெளியே போகும். பரவாயில்லை, எழுத்தைக் குறுக்கலாம்.

டார்க்டேபிள் மொழிபெயர்ப்புக் கோப்பில் கருவிக்கு ‘வெளிவாங்கல்’, விளக்கவுரையில் பொருளுக்கு ‘மூட்டம்’ என்று போட்டிருக்கிறேன். கருவிக்குள் இருக்கிற மற்ற ஸ்லைடர் ‘தூரம்’தான், அதில் சண்டை இல்லை. இடையொளிக்கு ‘வளியொளி’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். எங்கட விஞ்ஞானப் பாடத்தில் வளிதான், ஆனால் வாய்க்குள் ‘வழி’யாகிவிடும் என்று பயம். அதை வேறு இழையில் பார்ப்பம்.

பண்ணைப் படத்தில் முன்னால் நிற்கிற மூன்று தடியில் மட்டும் வேலை செய்கிறமாதிரி மறைப்பு (mask) போட்டு வெளிவாங்கல் +12. வானத்தில் கை வைக்கேல்லை. வேலணை இன்னும் தெரியேல்லை.