முகநூலை விட்டு விலகும் முன் ஊர்க்குழுவை என்ன செய்வது?

வைப்பாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முகநூலை விட்டு விலகிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஆனால் கணக்கை மூடுவதற்கு முன் ஒரு பொறுப்பை முடித்தாக வேண்டியிருப்பதால் உங்கள் யோசனையைக் கேட்கிறேன்.

விலக நினைப்பதற்குக் காரணம் நேரம் வீணாகிறது என்பது மட்டுமன்று. 2021-இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளிக்கொணர்ந்தபோது வந்த செய்திகளைப் படித்ததிலிருந்தே மனம் ஒப்பவில்லை. யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று கணக்கிடும்போது, கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்பக் குறியைவிட ஐந்து மடங்கு மதிப்பை 2017 முதல் கொடுத்து வந்திருக்கிறார்கள். 2020-இல் கோபக் குறியின் மதிப்பைச் சுழியாக்கிவிட்டார்கள் என்பதும் அதே செய்திகளில் உண்டு. ஆயினும், மனிதர்களின் சினத்தை எண்ணிக்கையாக்கி அதன்மேல் நடக்கும் ஓர் இடத்தில் என் மாலை நேரங்களைக் கொடுப்பதற்கு இனி விருப்பமில்லை.

சிக்கல் எங்கள் ஊர்க்குழுதான். சாத்தூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து சென்னை, கோவை, திருப்பூர், வளைகுடா நாடுகள் என்று போனவர்கள் சேர்ந்திருக்கும் அந்தக் குழுவுக்கு நான் ஒருவனே நிர்வாகி. அதில் பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். படத்தைப் போட்டபோது யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. கீழே வந்த பின்னூட்டங்களில், இடமிருந்து மூன்றாவதாக இருப்பவர் என் அம்மா, அவருக்குப் பின்னால் இருப்பது தெற்குத் தெரு அத்தை என்று ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி, அநேகமாக எல்லா முகங்களுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. அப்படிச் சொன்ன பெரியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. நான் போனால் இதெல்லாம் என்னவாகும்? விலகியவர்கள் என்ன செய்தீர்கள்?

கணிப்பொறித்திண்ணை எழுதியது:

ஐயா, தாங்கள் அவசரப்படாமல் கேட்டது நல்லது. கணக்கை முடக்கி வைப்பது வேறு, நீக்குவது வேறு. முடக்கி வைத்தால் எல்லாம் அப்படியே உறங்கிக்கொண்டிருக்கும், மறுபடி உள்நுழைந்தால் திரும்பி வந்துவிடும். நீக்கக் கோரினால் 30 நாள் வரை மனம் மாற இடமுண்டு, அதற்குப் பிறகு திரும்பப் பெற முடியாது. சேமிப்புக் கணினிகளிலிருந்து முழுவதுமாக அழிய 90 நாள் வரை ஆகலாம் என்று அந்நிறுவனமே கூறுகிறது. நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய தனிச் செய்திகள் மட்டும் அவர்களுடைய பெட்டியில் இருந்துகொண்டேயிருக்கும்.

அதற்கு முன் உங்கள் தகவல்களின் நகலைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புகள் பகுதியில் உள்ளது. தமிழில் எழுதுகிறவர்கள் இதில் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். நகலை எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து படிக்கும் பக்கம்), ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கான தரவுக் கோப்பு) என்ற இரண்டு வடிவங்களில் தருவார்கள். ஜேசன் கோப்பில் தமிழ் எழுத்துகள் உருத்தெரியாத குறியீடுகளாகச் சிதறி வருவது பலரும் அறிந்த குறை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதைச் சரிசெய்துகொள்ளலாம், மற்றவர்களால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க இயலாது. ஆகவே எச்டிஎம்எல் வடிவத்தையே கேளுங்கள். கால அளவு என்ற இடத்தில் தொடக்கம் முதல் இன்று வரை என்பதையும், படங்களின் தரம் என்ற இடத்தில் உயர்ந்த தரத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நகல் தயாரானதும் வரும் இணைப்பு சில நாள்களே செல்லுபடியாகும் என்பதால் உடனே இறக்கிவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் உங்கள் தீப்பெட்டி ஆபீஸ் படத்தின் சிறப்பு அந்த நகலில் வராது. அதில் நீங்கள் எழுதியவை இருக்கும். உங்கள் பதிவின்கீழ் பிறர் எழுதிய பின்னூட்டங்கள் இருக்காது, ஏனென்றால் அவை அவர்களுடைய எழுத்தாகக் கருதப்படுகின்றன. படம் வந்து சேரும், அதிலுள்ள பெண்களின் பெயர்கள் வரமாட்டா. அவற்றைக் காப்பாற்ற ஒரே வழி, கணினியில் அந்தப் பதிவைத் திறந்து, மறைந்திருக்கும் பின்னூட்டங்களையும் பதில்களையும் ஒவ்வொன்றாக விரித்து, பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதுதான். அலுப்பான வேலைதான், ஆனாலும் முக்கியமான பதிவுகளுக்காவது செய்துவிடுங்கள்.

குழுவுக்கு நம்பகமான இருவரையாவது நிர்வாகிகளாக்கிய பிறகு வெளியேறுங்கள். நீங்கள் தனியாக ஏதேனும் பக்கம் நடத்தி, அதன் முழுப் பொறுப்பும் உங்களிடம் மட்டுமே இருந்தால், கணக்கோடு அந்தப் பக்கமும் போய்விடும்.

மல்லிப்பந்தல் எழுதியது:

அண்ணா, என் கருத்து வேறு. நீங்கள் விலகக் கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் இம்மாதிரி ஊர்க்குழுக்களில் நிர்வாகி போகும்போது, வாட்ஸ்அப்பில் புதிய குழு தொடங்கிவிட்டேன், எல்லோரும் அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. அதில் இழப்பு யாருக்கு என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம் கைப்பேசி எண் அத்தனை பேருக்கும் தெரியும். முகநூலில் பூப்படத்தை முகமாக வைத்துக்கொண்டு, தம் அம்மாவைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் தயங்காமல் எழுதிய பெண்கள் பலர், முன்பின் தெரியாத ஆண்கள் இருக்கும் குழுவில் எண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. வீட்டிலும் அனுமதிக்கவில்லை. இன்று அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்களும் இரங்கல் செய்திகளும் வருகின்றன, பெண்களின் குரல் மட்டும் இல்லை. உங்கள் படத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களை அடையாளம் காட்டியவர்களிலும் பாதிப்பேராவது அவர்களின் மகள்களாகத்தான் இருப்பார்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பை 2014-இலும் இன்ஸ்டகிராமை 2012-இலும் முகநூல் நிறுவனமே வாங்கிவிட்டது. நீங்கள் சொன்ன காரணத்துக்காகப் போகிறவர் வாட்ஸ்அப்புக்குப் போனால் அதே வீட்டின் இன்னோர் அறைக்குத்தான் போகிறார்.

வைப்பாற்றங்கரை எழுதியது:

தங்கையே, நீங்கள் சொன்னதை மறுப்பதற்கில்லை. பெயர் சொன்னவர்களின் பட்டியலை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்; பெரும்பாலோர் பெண்களே. வாட்ஸ்அப்புக்கு மாறலாம் என்று எனக்கும் இருந்த எண்ணத்தைக் கைவிடுகிறேன்.

ஒரு_வாசகர் எழுதியது:

விலகிய பின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகங்களின் பொருளியல் ஆய்வாளர்கள், 2018 இடைக்காலத் தேர்தலுக்கு முன் ஒரு பகுதியினரைப் பணம் கொடுத்து நான்கு வாரம் முகநூலிலிருந்து விலக்கி வைத்து, விலகாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விலகியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கூடுதலாக இருந்தார்கள்; தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதும் கூடியது. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது, அரசியல் பிளவுணர்வு குறைந்தது, ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. கட்டுப்பாடு முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே முகநூலைப் பயன்படுத்தினார்கள்.

ஆகவே விலகுகிறவர் செய்தித்தாளையோ வானொலியையோ கைக்கொள்வது நல்லது. ஊர்க்குழுவைப் பொறுத்தவரை, நீங்கள் இருந்தாலும் போனாலும் அது என்றென்றைக்கும் அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம். நம்மில் பலர் கூடிப் பேசிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் நாளும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. அங்கிருந்த தமிழ் உரையாடல்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? விலகும் எண்ணமில்லாதவர்களும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வைப்பாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். குழு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஊரில் ஆசிரியையாக இருக்கும் என் அத்தை மகளும், திருப்பூரில் இருக்கும் ஒரு தம்பியும் நிர்வாகிகளாக இருக்க ஒப்புக்கொண்டுள்ளனர். பின்னூட்டங்களோடு கூடிய பதிவுகளைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கத் தொடங்கிவிட்டேன். எழுதியவர்களிடமும், அவர்கள் இல்லாதபோது அவர்களுடைய பிள்ளைகளிடமும் சம்மதம் கேட்டு, படங்களையும் பெயர்களையும் நினைவுகளையும் சிறு நூலாக அச்சிட்டு, கிராம நூலகத்துக்கு ஒரு படியும் படத்தில் இருப்பவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொரு படியும் கொடுப்பதாகத் திட்டம். சம்மதிக்காதவர்களின் சொற்களைச் சேர்க்கப் போவதில்லை. அந்த வேலை முடிந்த பிறகே கணக்கை நீக்கக் கோருவேன்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். அந்த 30 நாளில் நான் செய்யக் கூடாதது ஏதேனும் உண்டா?

கணிப்பொறித்திண்ணை எழுதியது:

எந்தக் கருவியிலிருந்தும் உள்நுழையக் கூடாது. அந்த நாள்களுக்குள் உள்நுழைந்து நீக்கத்தை ரத்து செய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து கோர வேண்டியிருக்கும். கைப்பேசியிலிருந்தும் பழைய மடிக்கணினியிலிருந்தும் செயலியையும் சேமித்த கடவுச்சொல்லையும் எடுத்துவிடுங்கள். முகநூல் கணக்கைக் கொண்டு உள்நுழையும் வேறு செயலிகள், விளையாட்டுகள், கடைகள் இருந்தால் அவற்றுக்கு மின்னஞ்சல் வழியாகத் தனிக் கடவுச்சொல்லை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். நூல் அச்சானதும் இங்கே தெரிவியுங்கள் ஐயா, எனக்கு ஒரு படி வேண்டும்.