அமெரிக்கப் புரட்சிப் போர் யார்க்டவுனில்தான் முடிந்ததா? விவாதத் திரி

கெடிலக்கரை எழுதியது:
"1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார், அத்துடன் அமெரிக்கப் புரட்சிப் போர் முடிவுக்கு வந்தது" என்று ஏட்டுச்சுவடி நண்பர் நேற்று பக்கத்துத் திரியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளாகப் பள்ளிப் பாடநூல்கள் ஒப்பித்துவரும் இந்த ஒற்றை வரியை, வரலாறு படித்தவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒருவரும் அப்படியே எடுத்து எழுதலாமா? யார்க்டவுன் இருந்த வர்ஜீனியாவில் சரணடைந்தது பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிசின் படை மட்டுமே. மறுநாள் காலையிலும் நியூயார்க், சார்லஸ்டன், சவானா ஆகிய மூன்று துறைமுக நகரங்களும் பிரிட்டிஷார் கையில்தான் இருந்தன. சவானாவை அவர்கள் காலி செய்தது 1782 ஜூலையில், சார்லஸ்டனை அந்த ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கை 1783 நவம்பர் 25 அன்று. அந்தப் போரின் கடைசிப் பெருஞ்சண்டை 1783 ஜூனில் எங்கள் கடலூரில் நடந்தது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் முதலில் படித்துவிட்டு வரட்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:
என் வரியை எடுத்துத் தனித் திரி தொடங்கிய அளவுக்கு அது உங்களைச் சுட்டிருக்கிறது என்பது புரிகிறது. ஆயினும் அந்த வரியில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப்போவதில்லை. யார்க்டவுனில் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் 7,000 பேருக்கு மேல். உடல்நலமில்லை என்று கூறிக் கார்ன்வாலிஸ் வெளியே வராமல் தம் துணைத் தளபதி ஓ'ஹாராவை அனுப்பினார். அவர் வாளைப் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் நீட்டப் போக, ரோஷாம்போ வாஷிங்டனைக் காட்டினார். வாஷிங்டனோ, வந்திருப்பவர் துணைத் தளபதி என்பதால், தம்முடைய துணைத் தளபதி பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டினார். முந்தைய ஆண்டு சார்லஸ்டனில் கொடியை விரித்துப் பிடித்துச் செல்லும் மரியாதைகூட மறுக்கப்பட்டுச் சரணடைய நேர்ந்தவர் அதே லிங்கன். அந்த மரியாதை இப்போது பிரிட்டிஷாருக்கும் மறுக்கப்பட்டது. அந்த மைதானத்தில் ஒரு பேரரசின் மனவுறுதி உடைந்தது. 1782 பிப்ரவரி 27 அன்று அமெரிக்காவில் தாக்குதல் போரைத் தொடரக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாக்களித்தது, மார்ச்சில் பிரதமர் நார்த் பிரபு பதவி விலகினார். இதற்குமேல் என்ன முடிவு வேண்டும்? கடலூரில் நடந்தது பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையிலான சண்டை. அதில் ஓர் அமெரிக்க வீரர்கூட இல்லை. ஊர்ப் பெருமை வேறு, வரலாறு வேறு.

கெடிலக்கரை எழுதியது:
பிரெஞ்சுக்காரர்களின் சண்டை என்று கடலூரை ஒதுக்குகிறவர், யார்க்டவுனைப் பற்றிப் பேசும்போது மட்டும் பிரெஞ்சுக்காரர்களை வசதியாக மறந்துவிடுகிறார். 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடாவின் வாயிலில் 24 போர்க்கப்பல்களுடன் நின்று, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி கிரேவ்ஸின் 19 கப்பல்களைத் திருப்பி அனுப்பியவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெ கிராஸ். அவர் கடலை அடைத்திராவிட்டால் கார்ன்வாலிஸ் கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்திருப்பார். அக்டோபர் 14 இரவு பிரிட்டிஷாரின் இரண்டு மண்கோட்டைகளில் பத்தாம் எண்ணை ஹாமில்டனின் அமெரிக்கர்களும் ஒன்பதாம் எண்ணைப் பிரெஞ்சுக்காரர்களும் பிடித்தார்கள். பிரான்ஸ் சேர்ந்து வென்ற போர் அமெரிக்காவின் போர், அதே பிரான்ஸ் அதே எதிரியுடன் அதே போரில் கடலூரில் மோதினால் அது வேறு போர் என்பது எந்த ஊர் நியாயம்?

இந்தியாவில் நடந்ததற்கும் அந்தப் போருக்கும் தொடர்பில்லை என்று அடுத்து சொல்வார்கள் என்பதால் அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களுடன் உடன்படிக்கை செய்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை புதுச்சேரியைப் பிடித்தது. 1779இல் மாஹேயையும் பிடித்தது. மாஹே தம் பாதுகாப்பில் இருக்கும் துறைமுகம் என்று ஹைதர் அலி எச்சரித்திருந்தும் கம்பெனி அதைப் பொருட்படுத்தவில்லை. 1780 ஜூலையில் ஹைதர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1782இல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்தார்கள். ஜோஷுவா பார்னியின் தலைமையில் ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது அந்தக் கப்பல்தான். தங்கள் போரின் மறுமுனை எங்கே நடக்கிறது என்பது அன்றைய அமெரிக்கர்களுக்குத் தெரிந்திருந்தது.

கலங்கரை எழுதியது:
இருவரும் நிலத்தையே பார்க்கிறீர்கள். அமெரிக்கர் பங்கேற்ற சண்டைதான் கணக்கு என்று ஏட்டுச்சுவடி சொன்னால், 1783 மார்ச் 10 அன்று ஃபுளோரிடாக் கடலில் நடந்ததை அவர் எங்கே வைப்பார்? ஹவானாவிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்கான பணத்தை ஏற்றிக்கொண்டு வந்த அலையன்ஸ் கப்பல், ஜான் பேரியின் தலைமையில், சிபில் என்ற பிரிட்டிஷ் கப்பலுடன் மோதி அதை விரட்டியது. யார்க்டவுனுக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து அமெரிக்கக் கடற்படை பீரங்கி சுட்டிருக்கிறது. கடலூரையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், யார்க்டவுனையும் முடிவென்று சொல்ல வேண்டாம்.

கெடிலக்கரை எழுதியது:
கடலூரைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்ய நீங்கள் யார்? உங்கள் மார்ச்சுக்கு மூன்று மாதம் கழித்து வருகிறது எங்கள் ஜூன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:
கலங்கரை நண்பருக்கு: தனித்த இரு கப்பல்கள் மோதிக்கொள்வது போர் அல்ல.

கெடிலக்கரை நண்பருக்கு: கடலூரில் ஓர் அமெரிக்க வீரர்கூட இல்லை என்று நான் எழுதியதற்கு நேரான பதில் இதுவரை வரவில்லை, ஒரு கப்பலின் பெயர் மட்டும் வந்திருக்கிறது. அது போகட்டும். பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்கச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. கடலூர்ச் சண்டை ஜூன் மாதம். சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து, செய்தி வந்து சேராத காரணத்தால் நடந்த சண்டையை அமெரிக்கப் புரட்சிப் போரின் கடைசிச் சண்டை என்று தூக்கிப் பிடிக்கிறீர்கள். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 1812இல் மூண்ட போரில், 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஜாக்சன் பெற்ற வெற்றிக்கும் இதே கதைதான். அதற்கு இரண்டு வாரம் முன்பே, டிசம்பர் 24 அன்று, கென்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது.

கெடிலக்கரை எழுதியது:
இந்தப் பதிவுக்காகத்தான் காத்திருந்தேன். ஜனவரி 20 உடன்படிக்கையை ஏட்டுச்சுவடி முழுமையாகப் படித்ததில்லை என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. சண்டை நிறுத்தம் எல்லா இடங்களிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும் என்று அதில் இல்லை. ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்ட பிறகு ஆங்கிலக் கால்வாயிலும் வடகடலிலும் 12 நாள், கேனரித் தீவுகள் வரை ஒரு மாதம், அங்கிருந்து நிலநடுக்கோடு வரை இரண்டு மாதம், உலகின் மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் ஐந்து மாதம் என்று தெளிவாகக் கால அளவு வகுத்திருக்கிறார்கள். ஆவணங்கள் பரிமாறப்பட்டது பிப்ரவரி 3. ஐந்து மாதத்தைக் கூட்டினால் ஜூலை 3 வருகிறது. கடலூரில் பிரிட்டிஷ் தளபதி ஸ்டூவர்ட்டின் படை பிரெஞ்சு அரண்களைத் தாக்கியது ஜூன் 13. கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 15 கப்பல்களும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதியது ஜூன் 20. முற்றுகையை உடைக்கப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை வெளியே பாய்ந்து தோற்றது ஜூன் 25. மூன்றும் ஜூலை 3க்கு முந்தியவை. ஆகவே செய்தி வராததால் நடந்த விபத்து என்று மழுப்ப முடியாது. உடன்படிக்கையின் கணக்கின்படியே அங்கே போர் நடப்பில் இருந்தது.

நியூ ஆர்லியன்ஸையும் அவரே இழுத்துவந்ததால் சொல்கிறேன். கென்ட் உடன்படிக்கை இரு தரப்பும் ஒப்புதல் அளித்த பிறகே செல்லும். அமெரிக்க செனட் ஒப்புதல் தந்தது 1815 பிப்ரவரி 16. எனவே ஜனவரி 8 அன்று அங்கேயும் போர் நடப்பில்தான் இருந்தது. அவர் எடுத்த எடுத்துக்காட்டு என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 1782 நவம்பர் 30 அன்று அமெரிக்கத் தூதர்கள் பிரிட்டனுடன் கையெழுத்திட்ட பூர்வாங்க உடன்பாட்டிலேயே, பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்கு உடன்படும்வரை இறுதி உடன்படிக்கை செய்யப்படாது என்று எழுதியிருக்கிறது. பிராங்க்ளினும் ஆடம்ஸும் ஜேயும் இரண்டையும் ஒரே போராகப் பார்த்தார்கள். ஏட்டுச்சுவடி மட்டும் பிரித்துப் பார்க்கிறார்.

மலைச்சாரல் எழுதியது:
இவ்வளவு நேரம் வாசித்தேன். இரண்டு அரசர்களின் கப்பல் கணக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். யார்க்டவுனில் முடிந்தது என்று சொல்பவருக்கு 1782 மார்ச் 8 அன்று ஓஹியோ நாட்டில் டஸ்கரவாஸ் ஆற்றங்கரையில் நாடன்ஹுட்டன் என்ற சிற்றூரில் நடந்தது தெரியுமா? அங்கிருந்த லெனாபே பழங்குடி மக்கள் மொரேவியன் சபையைச் சேர்ந்த கிறித்தவர்கள், போரில் எந்தப் பக்கமும் சேராதவர்கள். முந்தைய இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் தரப்பினர் அவர்களைச் சாண்டஸ்கிக்குக் கட்டாயமாக இடம்பெயர்த்திருந்தார்கள். பட்டினி தாங்காமல், வயலில் விட்டுப்போன சோளத்தைப் பறிக்கத் திரும்பி வந்தவர்களைப் பென்சில்வேனியாக் குடிப்படை பிடித்து அடைத்தது. கொல்வதா வேண்டாமா என்று குடிப்படையினர் தங்களுக்குள் வாக்கெடுத்தார்கள். அடைபட்டவர்கள் அந்த இரவு முழுவதும் செபித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் 96 பேரைக் கொன்றார்கள். அவர்களில் 39 பேர் குழந்தைகள். அந்த ஆகஸ்டில் கென்டக்கியில் புளூ லிக்ஸ் என்ற இடத்தில் குடியேறிகளின் படை, பிரிட்டிஷாரும் பழங்குடியினரும் சேர்ந்த படையிடம் தோற்று ஓடியது. கென்டக்கிக் குடியேறிகளில் பெயர்பெற்ற டேனியல் பூனின் மகன் அங்கே இறந்தான். முடிந்துபோன போரில் இவ்வளவும் நடக்குமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:
அம்மா, அந்தக் கொடுமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது குடிப்படையினர் செய்த குற்றம், இரு அரசுகளின் படைகள் மோதிய போர் அல்ல. இந்தத் திரியின் பொருளுக்கு வெளியே போகிறீர்கள்.

மலைச்சாரல் எழுதியது:
பொருளுக்கு வெளியே என்று என்னைத் தள்ளுவது எளிது. 1783 செப்டம்பர் 3 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை மிசிசிப்பி வரையான நிலத்தைப் புதிய நாட்டுக்கு எழுதிக் கொடுத்தது. அந்த நிலத்தில் வாழ்ந்த ஒரு பழங்குடி இனத்தாரும் அந்த மேசையில் இல்லை. அதனால் அவர்களுக்குப் போர் நிற்கவும் இல்லை. 1791இல் அவர்களிடம் அமெரிக்கத் தளபதி சென்ட் கிளேரின் படையில் 600 பேருக்கு மேல் வீழ்ந்தார்கள். 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையில் அவர்கள் தோற்றார்கள், 1795இல் நிலத்தை விட்டுக்கொடுக்க வைத்த கிரீன்வில் உடன்படிக்கை வந்தது. டெட்ராய்ட்டையும் நயாகராவையும் பிரிட்டிஷார் 1796 வரை விட்டுக் கொடுக்கவில்லை. இவற்றை ஒதுக்கிவிட்டு எழுதும் முடிவு யாருடைய முடிவு?

கெடிலக்கரை எழுதியது:
மலைச்சாரல் சொல்வது அத்தனையும் யார்க்டவுன் கட்சிக்கு எதிரானது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அவர் என் பக்கம்.

மலைச்சாரல் எழுதியது:
நான் யார் பக்கமும் இல்லை. உங்கள் ஊருக்குச் சாட்சியாக என்னை நிறுத்தாதீர்கள்.

தெருமுனை வாசகர் எழுதியது:
ஐயா, கடைசித் துப்பாக்கிச் சூடு எப்போது என்பது ஒரு கேள்வி, அரசியல் முடிவு எப்போது என்பது வேறொரு கேள்வி, சட்டப்படி சமாதானம் எப்போது என்பது மூன்றாவது கேள்வி. யார் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கலங்கரை எழுதியது:
இரு கப்பல்கள் மோதுவது போர் அல்ல என்று ஏட்டுச்சுவடி எழுதியதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அலையன்ஸில் இருந்தது காங்கிரசின் பணம், பறந்தது காங்கிரசின் கொடி. அது போர் இல்லையென்றால் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஜான் பால் ஜோன்ஸின் வெற்றிகளையும் அவர் அழித்துவிட்டு எழுதட்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒருவர், கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவர். இவர்களுடன் எப்படி வாதாடுவது? கடலூரில் ஓர் அமெரிக்க வீரர்கூட இல்லை. மூன்றாவது முறையாக எழுதுகிறேன். அமெரிக்கர்களுக்குப் போர் நிறுத்தத்தை வாஷிங்டனே 1783 ஏப்ரல் 19 அன்று தம் படைக்கு அறிவித்துவிட்டார். லெக்சிங்டனில் சண்டை தொடங்கி எட்டு ஆண்டு நிறைந்த நாள் அது. அதற்குப் பிறகு யார் எங்கே சுட்டுக்கொண்டாலும் அது அமெரிக்கப் புரட்சி ஆகாது.

கெடிலக்கரை எழுதியது:
எல்லோரும் மேலே உள்ள பதிவை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். போர் 1781 அக்டோபர் 19 அன்று முடிந்தது, ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன் என்றவர், இப்போது 1783 ஏப்ரல் 19 அன்று வாஷிங்டன் போர் நிறுத்தத்தை அறிவித்தார் என்கிறார். முடிந்துபோன போருக்கு எதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து நிறுத்தம்? இப்படி நழுவுவது அவருக்குப் புதிதல்ல. வந்தவாசிப் போர் பற்றிய திரியிலும், 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் தோல்விக்கும் கனடாவில் பிரான்ஸ் தோற்றதற்கும் உள்ள தொடர்பை நான் கேட்டபோது இப்படித்தான் தேதியை மாற்றிக்கொண்டு போனார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பட்ட கடனிலிருந்துதான் 1765இன் முத்திரை வரியும் 1767இன் தேயிலைத் தீர்வையும் வந்தன, அந்த வரிகளிலிருந்துதான் குடியேற்றங்களின் கலகம் வந்தது என்று நான் எழுதியதையும் ஊர்ப் பெருமை என்றே தள்ளினார்.

யார்க்டவுனில் கடலை அடைத்த தெ கிராஸ் 1782 ஏப்ரல் 12 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார் என்பதையும் அவர் எழுதமாட்டார். எழுதினால் யார்க்டவுனுக்குப் பிறகு போர் எவ்வளவு மும்முரமாக நடந்தது என்பது வெளிப்பட்டுவிடும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:
வந்தவாசித் திரியில் நான் பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்க உங்களுக்குப் பொறுமை இல்லை. வாஷிங்டன் அறிவித்தது நாடாளுமன்றம் ஏற்கெனவே கைவிட்ட போருக்கான சடங்கு. முடிவைத் தீர்மானித்தது யார்க்டவுன். கடலூரில் ஓர் அமெரிக்க வீரர்கூட இல்லை.

கெடிலக்கரை எழுதியது:
ஜூலை 3 என்ற தேதிக்குப் பதில் சொல்லுங்கள். ஐந்து மாதக் கெடு அந்த உடன்படிக்கையில் இருக்கிறதா, இல்லையா? வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கலங்கரை எழுதியது:
எனக்கும் அலையன்ஸ் பற்றிய பதில் வரவில்லை.