கனகபுரம் ஒழுங்கைக் குழு: பழைய புத்தகங்கள்

சனிக்கிழமை

கடை அண்ணை, மாலை 6.12
(முன்னனுப்பிய செய்தி) உங்கள் பெயரில் கோரப்படாத பணம் உள்ளது. கீழே உள்ள இணைப்பை அழுத்தி அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கி அட்டை இலக்கத்தையும் பதியவும். சேவைக் கட்டணம் 1,500 ரூபா.

கடை அண்ணை, 6.13
இது உண்மையோ? இன்றைக்கு மட்டும் மூன்று பேர் இதை எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரீச்சர் அக்கா, 6.15
அழுத்த வேண்டாம் அண்ணை! காசு தாறவன் முதலில் உங்களிடம் காசு கேட்பானோ? அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் இருக்கிறதும் போய்விடும்.

கடை அண்ணை, 6.16
சரி சரி, அழித்துவிட்டேன். அப்ப கோரப்படாத பணம் என்பதே பொய்யோ?

கச்சேரி ஐயா, 6.24
அது பொய் இல்லை. வங்கிக் கணக்கில் பத்து வருடம் ஒரு கொடுக்கல் வாங்கலும் நடக்காவிட்டால், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டப்படி அந்தக் காசு ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று மத்திய வங்கிக்குப் போகும். போனாலும் காசு உரியவருடையதுதான். கணக்குத் திறந்த அதே வங்கியில் போய்க் கேட்க வேண்டும். மத்திய வங்கியிடமிருந்து எடுத்துத் தருவது அவர்களுடைய வேலை. இணைப்பும் இல்லை, இடைத்தரகரும் இல்லை.

கனடா குஞ்சியப்பு, 6.31
ஐயா, நானும் கிளிநொச்சியில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். 95இல் இடம்பெயர்ந்தபோது புத்தகம் தொலைந்துவிட்டது. பெறாமகன் போய் எடுத்து அந்தக் காசில் கிணற்றுக்கு மோட்டர் போடட்டும்.

ஆட்டோ தம்பி, 6.32
குஞ்சியப்பு, அதில் எவ்வளவு இருந்தது?

கனடா குஞ்சியப்பு, 6.33
முந்நூறோ நானூறோ. வட்டி ஏறியிருக்கும்தானே.

ஆட்டோ தம்பி, 6.33
மோட்டருக்கு வயர் வாங்கலாம் 😂

கச்சேரி ஐயா, 6.40
சிரிக்காதே தம்பி, காசு எவ்வளவு என்றாலும் முறை ஒன்றுதான். புத்தகம் தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டை, கணக்கு இலக்கம் தெரியாவிட்டால் பழைய முகவரி. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நம் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தனக்காகப் பெறாமகன் அலுவல் பார்க்கலாம் என்ற அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பெறாமகன் வங்கி வாசலில்தான் நிற்பான். இன்னொன்று, 2016இலிருந்து 12 இலக்க அடையாள அட்டை. பழைய கணக்கெல்லாம் 9 இலக்கமும் வீ எழுத்தும் உள்ள பழைய இலக்கத்தில்தான் பதிந்திருக்கும். இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கோ.

தையல் தங்கச்சி, 6.52
ஐயா, எனக்கு வங்கி இல்லை, ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி). கலியாணத்துக்கு முதல் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். 50 வயது வரைக்கும் எடுக்க ஏலாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையோ?

கச்சேரி ஐயா, 7.01
பொது விதி அதுதான் பிள்ளை, பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. ஆனால் கலியாணம் காரணமாக வேலையை விட்ட பெண்ணுக்கு விலக்கு உண்டு. வேலையை விட்ட திகதிக்கும் கலியாணத் திகதிக்கும் இடையில் எவ்வளவு காலம் என்பதைப் பார்ப்பார்கள், அதனால் விவாகப் பதிவுப் பிரதியையும் கொண்டு போ. காசு கேட்டு நிரப்புகிற கே படிவம் தொழில் அலுவலகத்தில் இருக்கும். ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) வேறு. அதை வேலையை விட்டதும் வயது பார்க்காமல் எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்தமுறைக்கு ஐந்து வருடம்.

தையல் தங்கச்சி, 7.04
ஈ.ரி.எவ். என்று ஒன்று இருக்கிறதே எனக்குத் தெரியாது 😳

ரீச்சர் அக்கா, 7.06
முதலாளி தன் பையிலிருந்து 3 வீதம் கட்டுவது அது. உங்களுடைய சம்பளத்தில் வெட்டாததால் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது கண்ணில் படாது. ஈ.பி.எவ். உங்களிடம் 8, அவர்களிடம் 12, மொத்தம் 20.

தையல் தங்கச்சி, 7.11
என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் 8 வெட்டினார்கள். போய்ப் பார்த்தால் கணக்கில் பல மாதக் காசு இல்லையாம்.

கச்சேரி ஐயா, 7.15
அவளைச் சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியவேண்டாம் என்று சொல். அதுதான் சாட்சி. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஒரு மாதத்துக் காசை அடுத்த மாதம் முடியுமுன் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகமாக அறவிடுவார்கள். அது முதலாளிக்கும் தெரியும், தெரிந்துதான் ‘பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று இருக்கிறார்கள்.

பரந்தன் தம்பி, 7.20
ஐயா, அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை. ஆனையிறவு உப்பு வந்து இறங்கிற பக்கத்தில்தான் நின்றவர். சண்டையோடு தொழிற்சாலை மூடினது, பிறகு அவரும் போய்விட்டார். எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

கச்சேரி ஐயா, 7.29
முதலில் அவர் உயிரோடு இருக்கும்போது எடுத்துவிட்டாரா என்று அம்மாவிடம் கேள். அந்தக் காலத்தில் பலர் எடுத்துவிட்டார்கள். எடுக்கவில்லை என்றால், அங்கே வேலை செய்த வேறு யாரிடமாவது பி அட்டை (ஈ.பி.எவ். உறுப்பினர் அட்டை) இருக்கிறதா பார். ஈ.பி.எவ். இலக்கத்தில் நிறுவனத்தின் இலக்கம் எல்லாருக்கும் ஒன்று, உறுப்பினர் இலக்கம்தான் ஆளுக்கு ஆள் வேறு. நிறுவன இலக்கம் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. இறந்தவருக்கு கே படிவம் இல்லை, எல் படிவம். இறப்புப் பதிவு, உன் பிறப்புப் பதிவு, அம்மாவின் விவாகப் பதிவு. பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி.

பரந்தன் தம்பி, 7.31
எழுத்து வித்தியாசமோ! அப்பாவின் பெயர் நாலு இடத்தில் நாலு விதம்.

ஆட்டோ தம்பி, 7.32
நம் ஆட்களுக்கு அது குலவழக்கம்.

மூலைவீட்டு மாமி, 8.03
(மாமி சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறேன்) எங்கடவர் 2009இல் காணாமல் போனவர். அவருடைய வங்கிப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. முள்ளிவாய்க்காலுக்கும் முகாமுக்கும் கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தேன். வங்கிக்குப் போகவில்லை. போனால் இறப்புப் பதிவு கேட்பார்கள். அதை நான் எடுக்கமாட்டேன்.

ரீச்சர் அக்கா, 8.09
மாமி, அதை எடுக்கச் சொல்லி ஒருவரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2016இல் சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனமைச் சான்றிதழ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இறந்ததாகச் சொல்லாமலே குடும்பத்துக்கு வேண்டிய சில அலுவல்களைப் பார்க்கலாம். இரண்டு வருடம் செல்லும், நீடிக்கவும் முடியும். ஆனால் அதைக் கொடுத்தால் வங்கி காசு தருமோ என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுவிட்டுப் போவோம், அலைய வேண்டாம்.

கச்சேரி ஐயா, 8.14
அதற்கு முன் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கோ.

மூலைவீட்டு மாமி, 8.19
(படம்)

ரீச்சர் அக்கா, 8.19
ஐயோ, கணக்கு இலக்கம் தெரிகிறது! உடனே அழித்துவிட்டு ஐயாவுக்குத் தனியே அனுப்புங்கோ. குழுவில் இருக்கிற எல்லாரையும் எங்களுக்குத் தெரியாது.

மூலைவீட்டு மாமி, 8.21
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

கச்சேரி ஐயா, 8.34
பிள்ளை, மாமியிடம் கேள். மேல் ஓரம் தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கிறது, கீழே இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டாவது பெயர் யாருடையது?

மூலைவீட்டு மாமி, 8.37
(மாமி) என்னுடையது. கணக்குத் திறக்கும்போது அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, பிள்ளை மடியில் அழுதுகொண்டிருந்தது.

கச்சேரி ஐயா, 8.40
பெயருக்குப் பக்கத்தில் ‘இருவரில் ஒருவர்’ என்று அச்சடித்திருக்கிறது. இது கூட்டுக் கணக்கு மாமி. அவருடைய காசு மட்டும் இல்லை, உங்களுடைய கணக்கும்தான். உங்கள் கையெழுத்து ஒன்றுக்கே கொடுக்கிற வகை. இறப்புப் பதிவும் வேண்டாம், மற்றச் சான்றிதழும் வேண்டாம். உங்கள் அடையாள அட்டையும் புத்தகமும் காணும். பத்து வருடம் தாண்டிவிட்டதால் ஒரு விண்ணப்பம் நிரப்பச் சொல்வார்கள், கொஞ்ச நாள் எடுக்கும்.

கடை அண்ணை, 8.41
மாமி!!

மூலைவீட்டு மாமி, 8.52
(மருமகள்) மாமி பேசவில்லை, புத்தகத்தைத் திரும்பத் திரும்ப விரித்துப் பார்க்கிறா. இப்போது கேட்கிறா, அந்தக் கையெழுத்து அந்த நாளில் போட்ட மாதிரி வராதே, கை நடுங்குகிறதே என்று.

கச்சேரி ஐயா, 8.55
அது பெரிய விடயம் இல்லை. அடையாள அட்டையைப் பார்த்துப் புதுக் கையெழுத்து மாதிரி வாங்குவார்கள். முகாமையாளரை நேரே சந்தியுங்கோ, கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்குப் பழைய கணக்கு விளங்காமல் போகலாம். ‘வராது’ என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கோ.

கனடா குஞ்சியப்பு, 8.57
மாமிக்கு எவ்வளவு வரும்?

ரீச்சர் அக்கா, 8.58
குஞ்சியப்பு, அது மாமியின் விடயம்.

ஆட்டோ தம்பி, 9.02
மாமி, திங்கள் காலை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். காசு வேண்டாம். தையல் அக்காவும் பரந்தன் தம்பியும் வந்தால் ஏறலாம்.

கடை அண்ணை, 9.04
படிவத்தோடு கொடுக்கிற போட்டோக் கொப்பி என் கடையில் எடுங்கோ.

கச்சேரி ஐயா, 9.10
திங்கள் போயா விடுமுறை. வங்கி பூட்டு.

ஆட்டோ தம்பி, 9.11
அப்ப செவ்வாய் எட்டரை. சந்தியில் நிற்பேன்.

மூலைவீட்டு மாமி, 9.13
(மருமகள்) ஏழரைக்கே வரச் சொல்லட்டாம். வரிசையில் முதலாவதாக நிற்க வேணுமாம்.