புதுப்பிப்பு: டாலஸ் அருகே ஏரிக்கரையில் கேபினா, கூடாரமா, ஆர்.வி.யா?

மாமியாரையும் மூன்று வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஓர் இரவு எதில் தங்குவது, சிறு வீடு போன்ற கேபினிலா, கூடாரத்திலா, படுக்கை வசதியுள்ள வண்டியான ஆர்.வி.யிலா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கேபின் கிடைக்கவில்லை. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது; நான் விழித்துக்கொண்டதோ மூன்று வாரத்துக்கு முன்புதான். "சனியை விடுங்கள், ஞாயிறு இரவு பாருங்கள், மின்சாரம் உள்ள இடமாக எடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஜோ பூல் ஏரியை ஒட்டிய சீடர் ஹில் பூங்காவில், தண்ணீர்க் குழாயும் மின்இணைப்பும் உள்ள இடம் கிடைத்தது. கூடாரத்துக்குள் மேசை மின்விசிறி சுழன்றது. மாமியார் எனக்கு முன்பே தூங்கிவிட்டார். ஆர்.வி. வாடகை மிச்சம்.

ஒன்றை நான் கவனிக்கவில்லை: இடத்துக்கான கட்டணம் வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. பின்னது ஆளுக்கும் நாளுக்கும் தனித்தனி. 12 வயது வரை இலவசம். ஆண்டு அட்டை வாங்கினால் அதே காரில் வரும் எல்லாருக்கும் நுழைவு இலவசம். அடிக்கடி போகிறவர்களுக்கு அதுதான் லாபம்.

இன்னொன்று, சாப்பாட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். மேசைமேல் இருந்த புளியோதரை டப்பாவை இரவில் ரக்கூன் என்ற காட்டு விலங்கு திறந்துவிட்டது. மிளகாய் வற்றலை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தது.