காடைக்குப் புளிக்க வைத்த தானியம்: குளிர்ப் பகுதிக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் ஜப்பானியக் காடை வளர்க்கிறேன். தீவன விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் மக்காச்சோளக் குருணையையும் கம்பையும் ஊறவைத்து, புளிக்கவிட்டு, தீவனத்தோடு கலந்து கொடுக்கப் பார்க்கிறேன். லாக்டிக் அமிலம் உருவாகிக் கெட்ட கிருமியை அடக்கும், தானியத்தில் பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் உடைந்து பாஸ்பரஸ் கிடைக்கும் என்பதுவரை தெரியும்.

சிக்கல் குளிர்தான். கீழே வத்தலக்குண்டில் ராத்திரியோடு பொங்கிவிடுவது, இங்கே மார்கழியில் ரெண்டு மூணு நாளானாலும் அசையாது. வாளியைக் குஞ்சுக் கொட்டகை பல்பு பக்கம் நகர்த்தினால் புளிக்கிறது, ஆனால் மேலே வெள்ளையாக ஒரு ஆடை படர்கிறது. மோர் வாசம்தான், நாற்றமில்லை. இது ஈஸ்டா, பூஞ்சணமா? பச்சையோ கறுப்போ தெரிந்தால் குழியில் கொட்டிவிடுவேன், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சோடு விளையாட முடியாது.

அடுத்து, குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 24 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். மக்காச்சோளத்தில் 9 சொச்சம்தான். எடை குறையாமல் எத்தனை பங்கு வரை கலக்கலாம்? அல்லது மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்க வேண்டுமா? சோயாப் புண்ணாக்கையும் சேர்த்தே புளிக்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

பழைய புளித்த தண்ணீரை அடுத்த வாளிக்கு உறையாக ஊற்றலாமா என்றும் சொல்லுங்கள். (தயிர் ஊற்றச் சொல்லி மாமியார் ஏற்கெனவே உத்தரவு போட்டாச்சு.) தட்டில் மிஞ்சும் ஈரத் தீவனத்தை எத்தனை மணி நேரத்தில் எடுக்கிறீர்கள்?